ஹாலை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்



தீபாவளி நெருங்கினால் நமக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் முறுக்கு, அதிரசம், பட்டுச்சேலை என்றுதான் இருக்கும். இந்த ஆண்டு அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "வீட்டில் ஒரு கேமரா சும்மா கிடக்கிறது. திருநாளுக்குள் குடும்பத்தை அழகாகப் படம் எடுக்க ஒரு பிரைம் லென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறோம். எதை வாங்குவது?"

கேட்டவர்களுக்கு யாரோ ஒருவர் ஏற்கெனவே பதில் சொல்லி வைத்திருக்கிறார். "யோசிக்காதே, 50 எம்எம் வாங்கு." கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். கல்யாணப் படம் எடுக்கும் மாமா மகனும் அதைத்தான் சொல்கிறார். யூடியூபும் அப்படியே. நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் பினாங்கின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது என்பதுதான் என் எண்ணம்.

அதற்கு முன், லென்ஸ் சமாசாரத்துக்கு ஆசிரியர் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சொல்கிறேன்.

நம் வீடுகளில் ஒரு பெரியவர் தவறிவிட்டால், அன்று இரவே தொடங்கும் ஒரு தேடல் உங்களுக்குத் தெரியும். மாலை போட ஒரு படம் வேண்டும். கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கும். அவற்றில் பாட்டி இருப்பார், ஓரமாக, பாதி முகம் மறைந்து, கையில் பலகாரத் தட்டோடு. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்குவோம். இல்லையென்றால் யாருடைய கல்யாணக் குழுப்படத்திலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி எடுப்போம். எத்தனை வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறோம்?

இத்தனைக்கும் நம் முன்னோர் இதில் அக்கறை உள்ளவர்களாக இருந்தார்கள். தமிழகத்துக்கும் பினாங்குக்கும் இடையே ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், வருமானம் குறைவாக இருந்தபோதும், பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய், திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நின்று படம் எடுத்து, ஒரு பிரதியை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே படம்தான் இருந்தது. ஆனால் அதில் எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது. இன்று கேமரா எல்லார் கையிலும் இருக்கிறது, தெளிவான முகங்கள்தான் குறைந்துவிட்டன.

ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்ட வாசகர்களைப் பாராட்டுகிறேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

பிரைம் என்றால் என்ன லாபம்?

கேமரா வாங்கும்போது கூடவே வரும் 18-55 கிட் லென்ஸில் ஜூம் உண்டு. பிரைம் லென்ஸில் கிடையாது. கிட்டே தெரிய வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். ஒரு வசதியை விட்டுக்கொடுக்கிறோம், சரி. பதிலுக்கு என்ன கிடைக்கிறது?

வெளிச்சம் கிடைக்கிறது. கிட் லென்ஸை 55-ல் வைத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிதாகத் திறக்கும்). எஃப் 1.8 வரை திறக்கும் பிரைம் லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். மாலையில், டியூப் லைட் மட்டும் எரியும் ஹாலில், இந்த வித்தியாசம்தான் படத்தைக் காப்பாற்றும். பேரன் ஓடிவரும்போது முகம் கலங்கிப் போவதும், பிளாஷ் போட்டால் எல்லார் முகமும் எண்ணெய் வழிவதுபோல் தெரிவதும் பெரும்பாலும் வெளிச்சப் பற்றாக்குறையால் வருபவைதான்.

முகத்தைப் படம் எடுப்பதில் இந்த வெளிச்சப் பிரச்சினை கேமராவின் வயதே ஆனது. 1839-ல் டாகெரோடைப் என்ற புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, வெயிலில் பல நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்தால்தான் முகம் பதியும். அடுத்த ஆண்டே வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், முகங்களைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு வடிவமைத்தார். ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. முந்தைய லென்ஸ்களைவிடச் சுமார் இருபது மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. உட்கார வேண்டிய நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. ஊர் ஊராகப் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோக்கள் முளைத்ததற்கு அந்த லென்ஸ் ஒரு முக்கியக் காரணம். அதுவும் ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ்தான்.

50 ஏன் எல்லார் வாயிலும் வருகிறது?

ஃபிலிம் காலத்துப் பழக்கம். 1925-ல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கேமராவில் பொருத்தியிருந்தது 50 மி.மீ. லென்ஸ். பிறகு வந்த ஃபிலிம் கேமராக்கள் பலவும் 50-ஐ ஒட்டிய லென்ஸோடுதான் விற்கப்பட்டன. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தம் வேலையில் பெரும்பகுதியை ஒரு 50-ஐ வைத்தே முடித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாள்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் அவர்தான். ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். அந்த 50, 36 மி.மீ. அகல ஃபிலிம் ஃப்ரேமுக்கு ஏற்ற 50. நம் வீடுகளில் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் ஏபிஎஸ்-சி வகை. அவற்றின் சென்சார் சிறியது. அதில் 50-ஐ மாட்டினால், நிக்கான், சோனி, ஃபூஜிஃபிலிம் கேமராவில் அது 75 போலவும், கேனனில் 80 போலவும் நடந்துகொள்ளும். முகத்தை மட்டும் எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் பாட்டியும், அவரைச் சுற்றிப் பிள்ளைகளும் என்றால்?

இங்கேதான் அளவு டேப் தேவைப்படுகிறது. புது ஃப்ரிட்ஜ் வாங்குமுன் சமையலறையில் இடத்தை அளக்கிறோம் அல்லவா? லென்ஸுக்கும் அதே நியாயம்தான்.

ஒரு சுலபமான கணக்கு சொல்கிறேன். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்தால், 24 மி.மீ. லென்ஸில் நீங்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்தில் விழும். 35 மி.மீ. லென்ஸில் அதில் மூன்றில் இரண்டு பங்கு. 50 மி.மீ. லென்ஸில் பாதிகூட விழாது.

இப்போது உங்கள் ஹாலுக்கு வாருங்கள். சோபா ஒரு பக்கம், டிவி மறுபக்கம். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் சோபாவில் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே பத்து அடி கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் பத்து அடியில் 50 மி.மீ. லென்ஸ் நாலரை அடி அகலத்தைத்தான் காட்டும். பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள், அவ்வளவுதான். மருமகள் படத்துக்கு வெளியே. 35 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய ஏழு அடி விழும். நெருங்கி உட்கார்ந்தால் நாலு பெரியவர்கள், மடியிலும் தரையிலும் பிள்ளைகள். 24-ல் ஒன்பது அடி தாண்டும். மொத்தக் குடும்பமும் உள்ளே வந்துவிடும்.

ஒருவர் மட்டும் நிற்கும் முழு உருவப் படத்துக்கும் இதே கதைதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் 50-க்குப் பதினைந்து அடி தேவை, 35-க்குப் பத்து அடி போதும். புதுப் பாவாடை தாவணியில் நிற்கும் மகளை எடுக்க நீங்கள் பக்கத்து வீட்டு வாசல் வரை பின்னால் நகர வேண்டுமா?

அப்படியானால் எதை வாங்குவது?

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்கப் போகிறீர்கள், வீடு சிறியது, படத்தில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்றால், ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 35-ஐ ஒட்டிய லென்ஸ் என்பதே என் பரிந்துரை. நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 2009-ல் வந்த டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது. சோனியிலும் 35 எஃப் 1.8 உண்டு. ஃபூஜிஃபிலிமில் 35 எஃப் 2. கேனன் மிரர்லெஸ் கேமராவுக்கு 28 மி.மீ. எஃப் 2.8, பழைய கேனன் டிஎஸ்எல்ஆருக்கு 24 மி.மீ. எஃப் 2.8. கேனனின் இந்த இரண்டும் பிஸ்கட் அளவுக்கு ஒல்லி. எஃப் 1.8 அளவுக்கு வெளிச்சம் வாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்சார் அந்தப் பழைய ஃபிலிம் ஃப்ரேம் அளவிலேயே இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரி. அதில் 50 என்பது 50 ஆகவே இருக்கும். தயங்காமல் வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கிட் லென்ஸ் இருப்பதால் குழுப்படத்தை அதில் எடுத்துக்கொள்ளலாம், குழந்தையின் முகமும் பெரியவர்களின் முகமும்தான் எனக்கு வேண்டும் என்கிறீர்களா? அப்போது ஏபிஎஸ்-சி கேமராவிலும் 50 சரியான லென்ஸ்தான். ஆறு அடி தள்ளி நின்றால் இடுப்புக்கு மேல் ஓர் உருவம் அழகாக அமையும். அந்த ஆறு அடி முகத்துக்கும் நல்லது. எந்த லென்ஸாக இருந்தாலும், முகத்துக்கு இரண்டு அடி வரை போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும்தான் தெரியும். 35 வாங்குபவர்கள் நாலு அடிக்குக் கிட்டே போவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

85 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மண்டபத்துக்கும் பூங்காவுக்கும் நல்ல லென்ஸ். நம் ஹாலுக்கு அல்ல.

வாங்கிய பிறகு

எஃப் 1.8 இருக்கிறதே என்று எல்லாப் படத்தையும் அதிலேயே எடுக்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸில் ஆறு அடி தள்ளி எஃப் 1.8-ல் எடுத்தால், கூர்மையாக விழும் பகுதியின் ஆழம் மூன்றரை அங்குலம்தான். தாத்தாவின் கண் தெளிவாக இருக்கும், அருகில் சற்றுப் பின்னால் அமர்ந்த பாட்டியின் முகம் மங்கிவிடும். ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களை லென்ஸ் பிரிக்கலாமா? ஒருவருக்கு எஃப் 2 அல்லது 2.8, இருவருக்கு எஃப் 4, வரிசையாகப் பலர் என்றால் எஃப் 5.6. பெரியவர்களுக்கு 1/125 நொடி, ஓடும் பிள்ளைகளுக்கு 1/250. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். நம் நிறத்தைக் கேமராக்கள் நீண்ட காலம் சரியாகப் பார்க்கவில்லை. கோடாக் நிறுவனம் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். இன்றைய கேமராக்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம்மவர்களை நிறுத்தினால், கேமரா சுவரின் பளிச்சைப் பார்த்துவிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினால், முக்கால் ஸ்டாப் வரைக்கும், முகம் தன் நிறத்தில் வரும். தன் நிறத்தில் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். ப்யூட்டி மோடில் போட்டு மகளை வெளுக்கிறோமே, அதைப் பார்க்கும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

வெளிச்சத்துக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிளாட் வீட்டின் முன்கூடமே நல்ல ஸ்டூடியோ. ஆளைக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். வெளியிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும், மேலே இருக்கும் தளம் உச்சி வெயிலைத் தடுத்துவிடும். கடைவீட்டில் இருப்பவர்களுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதை அதே வேலையைச் செய்யும்.

வெளியே போக விரும்பினால் கர்ப்பால் சிங் டிரைவ் பக்கத்திலேயே இருக்கிறது. அது தீவின் கிழக்குக் கரை. மாலை ஐந்தரைக்கு மேல் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியிருக்கும். குடும்பத்தைக் கடலைப் பார்த்து நிறுத்துங்கள். திறந்த வானத்தின் வெளிச்சம் எல்லார் முகத்திலும் சமமாக விழும், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். கடல் பின்னணியில் வர வேண்டும் என்று ஆளைத் திருப்பினால் அந்த வெளிச்சம் முதுகுக்குப் போய்விடும். அக்டோபர், நவம்பரில் மேகமூட்டம் என்று கவலைப்படாதீர்கள். முகப் படத்துக்கு மேகம் நல்லது.

பழைய லென்ஸ் வாங்கலாமா?

தாராளமாக. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் சில நூறு ரிங்கிட்டுக்குக் கைமாறுகின்றன. ஆனால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரம் லென்ஸுக்கு எதிரி. கைப்பேசி டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது ஆட்டோஃபோகஸ் மோட்டார். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் உள்ளே மோட்டார் கிடையாது. பழைய 50 எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது மவுண்ட். பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் புது மிரர்லெஸ் கேமராவில் நேராகப் பொருந்தாது, அடாப்டர் தேவைப்படும். அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய லென்ஸைத் துணி அலமாரியில் வைக்காதீர்கள். ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் காட்டினால் போதும். இதைவிட நல்ல வழி, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

காசு கொடுக்குமுன்

ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவே இல்லை. உங்கள் 18-55 கிட் லென்ஸை 35-ல் வைத்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் வீட்டில் எல்லாப் படத்தையும் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்கள். பின்னால் நகர இடமில்லாமல் எந்த வாரம் தவித்தீர்கள், எந்த வாரம் கால் தானாகச் சரியான இடத்தில் நின்றது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பதிலுக்கு முன்னால் என் பரிந்துரைகூட இரண்டாம் பட்சம்தான்.

சோதனை முடிவில், கைப்பேசியே போதும் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவு. பகல் வெளிச்சத்தில் எடுத்து 4ஆர் அளவில் பிரிண்ட் போட இன்றைய கைப்பேசிகள் தாராளம். போர்ட்ரெய்ட் மோட் மட்டும் சில நேரம் மல்லிகைச் சரத்தின் ஓரத்தைக் கடித்துவிடும், கவனியுங்கள். லென்ஸுக்கு வைத்த பணத்தில் எத்தனை படங்களை அச்சிட்டுச் சட்டம் போடலாம் என்று யோசியுங்கள்.

ஆனால் எதில் எடுத்தாலும் இரண்டு வேண்டுகோள்கள்.

"எனக்கெதுக்குப் போட்டோ, பிள்ளைகளை எடு" என்று கையை ஆட்டும் பெரியவரைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பட்டுச்சேலையும் நகையும் தேவையில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே, அப்போதே எடுங்கள். பிடித்திருந்தால் அவரிடமே காட்டுங்கள். அடுத்த முறை அவரே தலையைச் சீவிக்கொண்டு வருவார்.

அடுத்தது, கேமராவைக் கை மாற்றுங்கள். நம் குடும்பங்களில் படம் எடுப்பவர் பெரும்பாலும் அப்பா, அல்லது மூத்த மகன். ஆல்பத்தைப் புரட்டினால் அவரை எங்கேயும் காணோம். பிரைம் லென்ஸில் திருப்ப ஜூம் வளையமே இல்லை. எஃப் 4-ல் வைத்து, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் நன்றாக எடுக்கும். அம்மா எடுக்கட்டும், மகள் எடுக்கட்டும், அப்பாவும் ஒருமுறை சோபாவில் போய் உட்காரட்டும்.

எடுத்த படங்களில் பிடித்த ஒன்றை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள். எந்த லென்ஸ், எத்தனை அடி தூரம் என்று இரண்டு வரி எழுதிச் சேர்த்தால், இன்னும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்